வராதவர்களின் கோப்பை

வணக்கம் நேயர்களே.

கல்யாண வீட்டில் வந்தவர்களைவிட வராதவர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம் நடக்கும். “பெரியப்பா ஏன் வரலை?” என்று பந்தி முடிவதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை கால்பந்துப் போட்டியின் கதையும் எனக்கு அப்படித்தான் படுகிறது. யார் ஜெயித்தார்கள் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். எகிப்து ஏழு முறை ஜெயித்திருக்கிறது, அதோடு அந்தப் பட்டியலை விட்டுவிடுவோம். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் கதை சூடு பிடிக்கிறது.

முதல் போட்டியிலேயே ஒருவர் வரவில்லை.

1957 பிப்ரவரி, சூடானின் தலைநகர் கார்ட்டூம். சூடான் சுதந்திரம் பெற்று ஒரு வருஷமும் ஒரு மாதமும்தான் ஆகியிருந்தது. அங்கே 8ஆம் தேதி ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்குகிறார்கள். 10ஆம் தேதி போட்டியே ஆரம்பம். எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்று நான்கு நாடுகள். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, கணக்கு கச்சிதம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அப்போது இனவொதுக்கல் ஆட்சி. வெள்ளையர் மட்டும் உள்ள அணியை அனுப்புகிறோம், இல்லாவிட்டால் கறுப்பர் மட்டும் உள்ள அணியை அனுப்புகிறோம், இரண்டையும் கலக்க மாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் நீங்கள் வரவே வேண்டாம் என்று முடிவானது. உலகத்தின் பெரிய விளையாட்டு அமைப்புகள் இந்த விஷயத்தில் மென்று விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு நாள் வயதான ஓர் அமைப்பு துணிந்து முடியாது என்றது.

அதனால் எத்தியோப்பியா பந்தைத் தொடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போனது! மொத்தப் போட்டிக்கும் இரண்டே ஆட்டங்கள். எகிப்து சூடானை 2-1 என்று வென்று, எத்தியோப்பியாவை 4-0 என்று வீழ்த்தியது. நான்கு கோலையும் அடித்தவர் ஒரே ஆள். அத்-தீபா என்று அழைக்கப்பட்ட முகமது தியாப் அல்-அத்தார். பதினோரு வருஷம் கழித்து, 1968 இறுதி ஆட்டத்தில் அதே மனிதர் விசிலோடு நடுவராக இறங்கினார். கோல் அடித்த காலில் திருப்தி இல்லை போலிருக்கிறது.

அடுத்த ‘வரவில்லை’ இன்னும் பெரியது. 1957 மார்ச்சில் சுதந்திரம் பெற்ற கானாவின் தலைவர் குவாமே என்குருமா, கால்பந்தை நாடு கட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே பார்த்தவர். கருப்பு நட்சத்திரங்கள் என்ற பெயரோடு ஆடிய அந்த அணி, பயிற்சியாளர் கியாம்ஃபியின் கீழ் 1963லும் 1965லும் கோப்பையை வென்றது. அந்தச் சமயத்தில்தான் 1966 உலகக் கோப்பைக்கு, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான ஃபிஃபா இடம் ஒதுக்கியது. மொத்தம் பதினாறு இடம். அதில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. மூன்று கண்டத்துக்கும் ஒரே இலை போட்டு, அதற்கும் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்றால் யார் பந்தியில் உட்காருவார்கள்? கானா முன்னே நிற்க, ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகின. இங்கிலாந்தில் நடந்த அந்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க அணி ஒன்றுகூடக் கிடையாது. பலன் கிடைத்தது. 1970இல் ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் வந்தது, மொராக்கோ போனது.

1996க்கு வருவோம். 1957இல் வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட அதே தென்னாப்பிரிக்காவில் போட்டி. இப்போது மண்டேலா அதிபர். இம்முறை நைஜீரியா வரவில்லை. முந்தைய நவம்பரில் எழுத்தாளர் கென் சாரோ-விவாவை அந்நாட்டு ராணுவ அரசு தூக்கிலிட்டது. மண்டேலா அதைக் கடுமையாகக் கண்டித்தார். நடப்புச் சாம்பியனான நைஜீரியா விலகிக்கொண்டது. பதினாறு ஆட வேண்டிய இடத்தில் பதினைந்து அணிகள். இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் அடுத்தடுத்து இரண்டு கோல் அடிக்க, துனிசியா தோற்றது. தேசிய அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மண்டேலா பக்கத்தில் நிற்க, கேப்டன் நீல் டோவி கோப்பையைத் தூக்கினார். டோவி வெள்ளையர். கலந்து அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொல்லி முப்பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

இதுவரை சொன்ன ‘வரவில்லை’ எல்லாம் அரசியல். இனிச் சொல்லப்போவது வேறு.

1993 ஏப்ரல். ஜாம்பியா அணி மொரீஷியஸில் இந்தக் கோப்பைக்கான தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்காக செனகல் போய்க்கொண்டிருந்தது. பழைய ராணுவ விமானம், வழியில் ஊர் ஊராக இறங்கி எரிபொருள் போட வேண்டியது. 27ஆம் தேதி இரவு கபோன் நாட்டின் லிப்ரவில்லில் இருந்து கிளம்பிச் சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. பதினெட்டு ஆட்டக்காரர்கள் உட்பட முப்பது பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. கேப்டன் கலுஷா புவால்யா அந்த விமானத்தில் இல்லை. அவர் நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேரே செனகல் போவதாக ஏற்பாடு.

அப்புறம் நடந்ததைத்தான் நம்ப முடியாது. கலுஷாவை வைத்து, கிடைத்தவர்களைத் திரட்டி ஓர் அணி அமைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள், 1994இல், அந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. முதல் கோலும் அவர்களுடையதே. கடைசியில் நைஜீரியா 2-1 என்று ஜெயித்தது.

பதினெட்டு வருஷம் ஓடியது. 2012 போட்டியை கபோனும் எக்குவடோரியல் கினியும் சேர்ந்து நடத்தின. இறுதி ஆட்டம் லிப்ரவில்லில். ஆட்டத்துக்கு முன்பு ஜாம்பியா அணி கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தது. கூடவே கலுஷா, அப்போது ஜாம்பியா கால்பந்துச் சங்கத்தின் தலைவர். எதிரே, அந்தப் போட்டியில் ஒரு கோல்கூட வாங்காத ஐவரி கோஸ்ட்.

நம்மூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஜாம்பியா ஜெயிச்சா உங்களுக்கு என்ன வருது?” என்று தூக்கக் கலக்கத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல். பதில் சொல்லவில்லை. ஐவரி கோஸ்டின் ட்ரோக்பா ஒரு பெனால்டியை வானத்துக்கு அடித்தார். கூடுதல் நேரமும் கோல் இல்லாமல் முடிந்தது. பெனால்டி முறையில் இரு பக்கமும் ஏழேழு பேர் தவறாமல் அடித்தார்கள். ஜாம்பியாவின் கோல்கீப்பரே வந்து ஒன்றை அடித்துவிட்டுப் போனார். எட்டாவதில் இரு பக்கமும் தவறவிட்டன. ஒன்பதாவதில் ஐவரி கோஸ்டின் ஜெர்வின்ஹோ தவறவிட்டார். ஜாம்பியா ஆட்டக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாப்பிலா சுன்சு அடித்தார். கோல்.

எல்லோரும் ஓடினார்கள், ஒருவரைத் தவிர. ஜோசஃப் முசொண்டா ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அடிபட்டு, அழுதுகொண்டே வெளியே போனவர். அவரால் நடக்க முடியவில்லை. பயிற்சியாளர் எர்வே ரெனார் அவரிடம் போனார். குழந்தையைத் தூக்குவதுபோல இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து, மற்றவர்கள் நடுவே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.