யாருடைய ஞானஸ்நானம் செல்லும்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு திருச்சபையிலிருந்து வேறொரு சபைக்கு வருகிற விசுவாசியிடம், "ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா?" என்று கேட்பார்கள். "குழந்தையிலேயே கொடுத்துவிட்டார்கள்" என்றால், "அது செல்லாது, முழுகித்தான் எடுக்க வேண்டும்" என்று சில சபைகளில் பதில் வரும். பெற்றோர் கண்ணீரோடு ஜெபித்துக் கொடுத்த ஒன்றை ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அவர் மனத்தை எவ்வளவு நோகச் செய்யும்! இந்தச் செல்லும், செல்லாது வழக்கைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தண்ணீரைத் தெளிப்பதா, ஊற்றுவதா, முழுக்குவதா என்பது எனக்குச் சிறிய கேள்வியாகவே படுகிறது. ஆதிச் சபையின் 'திதகே' என்னும் போதனை நூலே, ஓடும் நீர் உகந்தது, போதிய நீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது. பெரிய கேள்வி வேறு: ஞானஸ்நானத்தில் செயல்படுகிறவர் யார்? கடவுளே என்பது கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், லூத்தரன்கள் ஆகியோரின் மறுமொழி. கடவுளின் கிருபை முந்திக்கொள்வதால் பேசத் தெரியாத குழந்தையும் அதைப் பெறலாம். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும், விசுவாசித்தவன் தானே அறிக்கையிட்டுக் கீழ்ப்படிவதுதான் ஞானஸ்நானம் என்கிறார்கள். முதல் தரப்பார் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றதைக் காட்டுவார்கள். மற்றவர்கள், அந்த வீட்டார் முதலில் வசனத்தைக் கேட்டார்களே என்று அதே பகுதியைக் காட்டுவார்கள்.

இந்த வழக்கு மூன்றாம் நூற்றாண்டிலேயே சபையை உலுக்கியது. பிரிந்துபோன குழுவினரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் திரும்பி வந்தால் என்ன செய்வது? சபைக்கு வெளியே ஆவியானவர் இல்லை, எனவே அங்கே ஞானஸ்நானமும் இல்லை என்றார் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன். 256இல் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அவர் பக்கமே நின்றார்கள். ரோமாபுரி ஆயர் ஸ்தேவானோ, கைகளை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்றார். பிற்காலத்தில் அகஸ்தீன் இந்தக் கேள்வியை எடுத்து, பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்று விளக்கினார். என் மனம் முழுவதும் அந்த வார்த்தையோடு இசைகிறது. கொடுக்கிறவருடைய தகுதியில் அது தொங்கினால், நம்மில் யார் நிம்மதியாக உறங்க முடியும்? அவசர வேளையில், திருச்சபையின் நோக்கத்தோடு செய்தால், ஞானஸ்நானம் பெறாத ஒருவர்கூட அதைக் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கச் சட்டம் அனுமதிப்பதும் இதனால்தான்.

ஆனாலும் எதிர்த்தரப்பின் மனசாட்சியை நான் இலேசாக எண்ணவில்லை. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர், தாங்கள் குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று நம்பி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, இரண்டே ஆண்டுகளில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்டனை விதித்ததும் கிறிஸ்தவ நகராட்சியே. இது வெட்கத்தோடு சொல்ல வேண்டிய வரலாறு. லூத்தரன்களும் இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தியதற்காக, அந்த மரபில் வந்த மென்னோனைட்டு சபையாரிடம் லூத்தரன் உலக சம்மேளனம் 2010இல்தான் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

2007இல் ஜெர்மனியின் மாக்டபுர்க் பேராலயத்தில், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்த மரபுகளைச் சேர்ந்த 11 திருச்சபைகள், ஒன்றின் ஞானஸ்நானத்தை மற்றொன்று ஏற்பதாகக் கையெழுத்திட்டன. பாப்டிஸ்டுகளும் மென்னோனைட்டுகளும் கையெழுத்திடவில்லை. மனசாட்சி இடம் தராதபோது கையெழுத்திடாமல் இருந்ததை நான் மதிக்கிறேன்.

அதே பாப்டிஸ்டு மரபுக்குள் வேறொரு வழியும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு சபையின் போதகர் ஜான் பன்யன், தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு கர்த்தருடைய பந்தியாகிய திருவிருந்தில் சேர்வதற்குத் தடையாகக் கூடாது என்று எழுதி வாதாடினார். இன்றும் இங்கிலாந்தில் பல பாப்டிஸ்டு சபைகள், குழந்தை ஞானஸ்நானம் பெற்றவரைத் திரும்ப முழுகச் சொல்லாமல், அவருடைய விசுவாச அறிக்கையைக் கேட்டே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கின்றன. மற்றச் சபைகளின் மூப்பர்களும் இந்த வழியை ஜெபத்தோடு ஆலோசிக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.