கை நின்றால் அது நல்ல படம்

நடுவர் அவர்களே, சாயங்காலமே பாய் விரித்து இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, மேடைக்கு ஓரமாக நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“ஒரு படத்தின் தரத்தைச் சரியாகச் சொல்வது விமர்சகர் எழுத்தா, பார்த்தவர் பேச்சா?” இதுதான் நம் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியார் கொடுத்த தலைப்பு. நான் ‘பார்த்தவர் பேச்சே’ என்ற அணி. ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், தையல் கடைக்காரி. வெளியூரிலிருந்து வந்திருக்கிற நடுவருக்காகச் சொல்கிறேன்: ஊக்கு வைத்து முடிகிற வரைக்கும் என் கடையில் காத்திருக்கிற பெண்கள் பேசுவதில் பாதி சினிமாதான். 16 வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி ஒரு வாதம் வைத்தார். விமர்சகர் வருஷத்துக்கு நூறு இருநூறு படம் பார்க்கிறவர், கேமரா எங்கே நிற்கிறது, வெட்டு எங்கே விழுகிறது என்று படித்தவர், பார்த்தவர் பேச்சோ ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது என்றார். படிப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்து நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் படம் விட்டு வருகிற பையனிடம் “எப்படி இருக்குல?” என்று கேட்டால் “நல்லாருக்கு” என்பான். அவனோடு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பேட்டை தாண்டியதும் ஆரம்பிப்பான். வீரவநல்லூர் வருவதற்குள் முழுப்படத்தையும் பிரித்துப்போட்டு, எது பிடித்தது, எங்கே மனசு ஒட்டவில்லை, அவன் அண்ணனுக்கும் அதே மாதிரி எப்போது நடந்தது என்று எல்லாம் சொல்லிவிடுவான்.

நான் ஒரு படத்தை எடுத்துக்கொண்டே பேசுகிறேன். மாரி செல்வராஜ் இயக்கிய ‘வாழை’, 2024 ஆகஸ்டில் வந்தது. இங்கே பக்கத்தில், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக் கதை. பள்ளிக்கூடம் போகிற பையன், லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். படத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள், நானும் வாசித்தேன், நல்ல எழுத்து. என் தாய்மாமா இளவயசில் தார் சுமந்தவர். அவரையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். படம் விட்டு வெளியே வந்து வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்.

“அந்தப் பய கழுத்தச் சாய்ச்சு நடக்கான் பாத்தியா. அது சொல்லிக்குடுத்து வாறதில்ல. சும்மாடு நழுவுச்சுன்னா தார் காம்பு நேரா கழுத்துல குத்தும். அதுக்குப் பயந்து நடக்க நட அது.”

அப்புறம் சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாழைக்கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது, கறுப்பாகவே நிற்கும். அவருக்கு அப்போது மூன்று சட்டை. இரண்டு கறைச் சட்டை. மூன்றாவதைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்து, கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் மட்டும் போட்டிருக்கிறார். படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பார்கள், அது பெரிய தகராறாகும். மாமா சொன்னார், “ஒரு ரூவாதானேன்னு படம் பாக்குதவன் நினைப்பான். ஒரு ரூவா கேக்கதுக்கு முன்னால நாலு நாள் ராத்திரி தூங்க மாட்டோம்.” கல்யாணமாகி 30 வருஷம் கழித்து, அந்த மூன்று சட்டைக் கதையை அத்தையே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.

நடுவர் அவர்களே, ‘வாழை’ நல்ல படமா என்று கேட்டால், நான் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கவா, அந்த மூன்றாவது சட்டையைப் பார்க்கவா?

எதிரணியில் கேட்பார்கள், “தார் சுமந்தவர் ‘வாழை’யைச் சொல்லலாம், மற்றப் படத்துக்கு எங்கே போவீர்கள்?” என்று. மற்றப் படத்துக்கு மற்ற ஆள் இருக்கிறார். 2025 தீபாவளிக்கு ‘பைசன்’ வந்தது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியில் பிறந்து, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் அவர்கள் வாழ்க்கையைத் தழுவியது. எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, முட்டி போகிற வரைக்கும் கபடி ஆடியவர். அவர் பார்த்துவிட்டு, “விழுந்து உருளும்போதே கை கோட்டத் தேடுதுவே. அந்தப் பையன் உடம்பு நிசமாவே பழகியிருக்கு” என்றார். படம் நீளம் என்றும் அவரே சொன்னார். ‘லப்பர் பந்து’ வந்தபோது பையன்கள் எல்லாம் பேட்டிங்கைப் பற்றிப் பேசினார்கள். என் கடையில் அந்தப் பேச்சே இல்லை. வேலையைப் போட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புருஷனோடு மல்லுக்கட்டுகிற யசோதையைப் பற்றித்தான் ஒரு வாரம் பேச்சு. ஒரே படத்தில் கிரிக்கெட்டைப் பார்த்தவனும் சரி, குடும்பத்தைப் பார்த்தவளும் சரி.

பேய்ப் படத்துக்கும் ஆள் உண்டு. என் சித்தப்பா சுடலைமாடன் கோயில் சாமியாடி. கொடையன்றைக்கு நடுராத்திரி மயானத்துக்குத் தனியாகப் போய் வருகிறவர். அவரைக் கட்டின சித்தி பேய்ப் படம் பார்த்தால் ஒன்றுதான் சொல்வார்: “பயம் வாறதுக்கு முன்னால சத்தம் அடங்கணும். இவிய கொட்டடிச்சே எல்லாத்தையும் விரட்டிப்புடுதாவ.” இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பேச்சு என்று வந்தால், எனக்கு வெகுநாளாக மனசில் ஒரு ஆதங்கம் உண்டு, இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் திருநெல்வேலி என்றால் என்ன? ஒரு அருவாள், ஒரு மீசை, வாயைத் திறந்தால் ‘ஏலே’. படத்துக்குப் படம் பார்த்துவிட்டோம். அதையும் ‘மண்வாசனை’ என்று எழுதினார்கள். நம் ஊரில் எந்தப் பிள்ளையாவது பெரியவரைப் பார்த்து ‘ஏலே’ என்று கூப்பிடுமா? கூப்பிட்டால் வீட்டில் சோறு கிடைக்குமா? ‘ல’ என்பது வயசில் சின்னவனுக்கும் சேக்காளிக்கும். வயசு வந்த ஆம்பிளைகள் தங்களுக்குள் ‘வே’ போடுவார்கள். மரியாதைக்கு ‘வந்தாவ’, ‘சொல்லுதாவ’. கட்டின புருஷன் ‘அவிய’. இவ்வளவு மரியாதை வைத்துப் பேசுகிற பேச்சை வெறும் அதட்டலாக்கித் திரையில் காட்டியபோது, அது தப்பு என்று முதலில் சொன்னது நம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான். அதே பெஞ்சுதான் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது, “எய்யா, இது நம்ம பேச்சு” என்றும் சொன்னது. பாஷை தெரிந்தவன் சொல்லும்போதுதான் அந்தப் பாராட்டுக்கு எடை.

மொழியே தெரியாத படத்தையும் நம் ஜனம் கைவிடவில்லை. 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. கொடைக்கானல் குணா குகைக்குள் 2006இல் விழுந்த நண்பனைத் தூக்கிய கதை. நமக்கு முகம் தெரிந்த நடிகர்கள் அல்ல, மலையாளத்திலேயே ஓடியது. பார்த்தவன் பார்க்காதவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். 2025 மே 1ஆம் தேதி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. சூர்யா நடித்த ‘ரெட்ரோ’வும் அதே நாள். இவ்வளவு பெரிய படத்துக்குப் பக்கத்தில், புது இயக்குநர் எடுத்த படம், இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பத்தின் கதை. தூக்கி நிறுத்தியது வாய்ப்பேச்சு.

சரி, எதிரணி வைத்த பலமான கேள்விக்கு வருகிறேன். ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பரில் வந்தது. நீளம், நீளம் என்று ஜனங்கள் பேசிய பேச்சில்தானே, ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து 18 நிமிஷத்தை வெட்டினார்கள், அது நியாயமா என்று கேட்டார்கள். நியாயமில்லை. ஒத்துக்கொள்கிறேன். துணி வெட்டுகிறவள் நான். ஒரு அங்குலம் கூடுதலாக இருந்தால் மடித்துத் தைக்கலாம், குறைத்து வெட்டிவிட்டால் அந்தத் துணி போச்சு. அந்த முதல் வாரப் பேச்சு அவசரப் பேச்சு.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லையே. பூர்வீக வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போன மனுஷர், வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார், அவ்வளவுதான் கதை. ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்து வீட்டில் டிவியில் பார்த்தவர்கள் என் கடையில் வேறு மாதிரி பேசினார்கள். பாகம் பிரித்ததில் தாய்வீடு விலைக்குப் போய்விட்ட ஒரு மதினி, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். “வித்த வீட்டுத் தெரு வழியா நான் இன்னும் போறதில்ல. மார்க்கெட்டுக்குச் சுத்தித்தான் போவேன்” என்றார். கடையில் இருந்த நாலு பேரும் மிஷின் சத்தத்தை நிறுத்திக் கேட்டோம். முதல் வாரம் ‘நீளம்’ என்று போனில் தட்டிவிட்ட பெண்ணும் அந்த நாலு பேரில் உண்டு. “நான் திரும்பப் பாக்கணும் மதினி” என்றாள். எழுதிப் போட்ட மார்க் போட்டபடியே கிடக்கிறது. பேச்சு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி இதே இடத்தில் வில்லிசை நடக்கும். முன்வரிசையில் உட்காருகிற ஆச்சிமார் யாரும் இசை படித்தவர்கள் அல்ல. புலவர் கதையில் ஒரு இடத்தைத் தாண்டிப் போனால், “எய்யா, அம்மை பிறந்த கதைய விட்டுட்டியே” என்று குரல் வரும். உடுக்கை நிற்கும், குடம் நிற்கும். விட்டதைப் பாடிவிட்டுத்தான் அவர் மேலே போவார். அந்த ஆச்சிமாரின் பேத்திகள்தான் இன்றைக்கு நெட்டில் படம் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. என் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அம்மா பீடி சுற்றுகிறவள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொழிலில்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், எதிரே டிவி. கண் படத்தில் இருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும். பாட்டு வந்தாலும் ஓடும், சண்டை வந்தாலும் ஓடும், கதாநாயகி அழுதாலும் ஓடும். கை நின்றால் கூலி நின்றுவிடும் அல்லவா. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. அம்மாவின் கை நின்றால் அது நல்ல படம். ‘அமரன்’ பார்த்தபோது, புருஷனுடைய போனுக்காக அந்தப் பெண் காத்திருக்கிற இடத்தில் கொஞ்சம் நின்றது.

‘வாழை’ வெளிவந்த அதே 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதிதான் ‘கொட்டுக்காளி’யும் வந்தது. வினோத்ராஜ் இயக்கியது, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. பெர்லின் திரைப்பட விழாவில் காட்டிய படம். பின்னணி இசை கிடையாது. பிடிக்காத கல்யாணத்துக்கு மசியாத பெண்ணை, பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு குடும்பமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது, பலி கொடுக்க ஒரு சேவலும் கூட வருகிறது. எதிரணி அண்ணாச்சி இந்தப் படத்தைத்தான் சொல்லி, “விமர்சகர் எடுத்துச் சொல்லாமல் சாதாரண ஜனத்துக்கு இது விளங்குமா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி, நான் என் போனைச் சொம்பில் சாய்த்துவைத்து அம்மாவுக்கு அந்தப் படத்தைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். எந்த விமர்சனமும் வாசித்துக் காட்டவில்லை. திரும்பி வந்து பார்த்தால் படம் முடிந்திருந்தது. சுளகில் வெட்டின இலை அப்படியே இருக்கிறது. நூல் விரலில் சுற்றினபடி இருக்கிறது. என்னம்மா என்றேன்.

“சேவலக் கட்டின கயிறும் அவளக் கட்டின கயிறும் ஒண்ணுதான் பிள்ள” என்றாள்.

முடிவே சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று கேட்டேன். “சொல்லியிருந்தா அது அவிய வீட்டுக் கதையோட போயிருக்கும். இப்ப நம்ம வாசல்ல வந்து நிக்கி” என்றாள்.

அன்றைக்கு அம்மா சுற்றியது 800 பீடிதான். சாயங்காலம் கொண்டுபோய்ப் போட்டபோது, கணக்குப் பார்க்கிறவர் ஏன் குறைகிறது, மேலுக்குச் சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு படம் பாத்தேன்” என்றாளாம்.