குதிர் இருந்த வீடு

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பந்தல் போடத் தன் களத்தையே கொடுத்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

பழைய பண்ணை வீட்டின் திண்ணை, முற்றம், குதிர் மூன்றையும் பற்றிப் பேச வந்தேன். நெல் கொட்டிவைக்கும் பெரிய மண்கூடுதான் குதிர்; அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். எங்கள் அப்பாயி அந்த வீட்டைக் கட்டியும் பார்த்தவர், காத்தும் பார்த்தவர். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் குதிரை விரலால் தட்டுவார். சத்தத்தை வைத்தே நெல் எதுவரை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு ஏழு வயதில், கண்ணாமூச்சி ஆட்டத்தில் காலிக் குதிருக்குள் இறங்கி ஒளிந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். ஊரே தேடியது. குளத்தில் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். அம்மா மண்ணில் புரண்டு அழுகிறாள். அப்பாயி அழுதுகொண்டே விளக்கேற்றினார், வழக்கம்போல குதிரைத் தட்டினார். ‘அடியே, காலிக் குதிரில் இப்படிச் சத்தம் வராதே!’ அவ்வளவுதான், என்னைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த வீட்டை விற்றோம். வாங்கியவர் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் காரைக்குடிக்கு ஏற்றி அனுப்பினார். குதிர் வாசலில் நுழையவில்லை; கடப்பாரையால் உடைத்தார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்றார்களே, இடிக்க ஒரு பொக்லைனும் அரை நாளும் போதும்.

காப்பாற்ற முடியாதது இல்லை ஐயா. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்து உழவர் வீடும் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க நம் பிள்ளைகள் டிக்கெட் வாங்க வேண்டும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது, 3000 கலம் கொள்ளுமாம். கோயில் களஞ்சியம் நின்றுவிட்டது. குடியானவன் குதிருக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் ஊருக்கு ஊர் கணக்கெடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் பழைய வீடு எத்தனை, குதிர் எத்தனை, படத்தோடு பதிய வேண்டும். விற்பவர்கள் விற்கட்டும், அது அவர்கள் கஷ்டம். இடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்கள் வந்து அளந்து வரைந்துகொள்கிறோம்.

திண்ணைக்கும் முற்றத்துக்கும் நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். பந்தல் காலுக்குப் பக்கத்தில் மேசைமேல் நோட்டு இருக்கிறது. வீட்டில் குதிர் உள்ளவர்கள் சாப்பிடப் போகும் முன் தெருப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.