பழைய மாருதி 800-இல் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் என்பதை முதலில் கண்டுபிடிப்போம்

[காட்சி: பானெட் திறந்திருக்கிறது. எஞ்சின் ஐடிலில் குலுங்கி ஓடுகிறது.]

இந்த எஞ்சினின் ஓசையைச் சற்று நேரம் கவனித்துக் கேளுங்கள். மூன்று அடிகளில் ஓர் அடி விழாமல் போகிறது. அந்த இடைவெளியில் கியர் லீவரும் சேர்ந்து நடுங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் மிஸ்ஸிங் என்று சொல்வது இதைத்தான். கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினில் இருப்பவை மூன்றே சிலிண்டர்கள். அவை 1-3-2 என்ற வரிசையில் எரிகின்றன. ஒன்று படுத்துவிட்டால் வண்டி மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும்.

ஸ்பார்க் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், கார்புரேட்டர் கிட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. குறை ஒரே சிலிண்டரில் இருக்கிறதா, எல்லாவற்றிலும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

[காட்சி: பிளக் கேப்பைக் கழற்றும் கை.]

எஞ்சினை நிறுத்திவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஓர் உதிரி பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடலை அழுத்தமாகத் தொடும்படி வையுங்கள். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கல் முன்பைவிடக் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் குற்றவாளி அதுவே. மூன்றையும் இப்படியே பாருங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் விற்பனையான புதிய பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உண்டு என்பதால், அந்த வண்டிகளில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம்.

குறையுள்ள சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ, வால்வின் தண்டைத் தாங்கும் வால்வு கைடையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்து, அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பழுது பிளக்கில்தான். மாறாவிட்டால் பிளக் வயருக்கும், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்கும் வர வேண்டும்.

[காட்சி: டார்ச் வெளிச்சத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறம், மிக அருகில்.]

இந்த இடத்தில் நிதானம் தேவை. புது பிளக்கும் புது காயிலும் போட்டும் சரியாகாமல் என்னிடம் வந்த ஒரு வண்டியில், கேப்பின் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடியிருந்தது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கரிக்கோட்டின் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. பகலில், அதுவும் அவசரத்தில், அது கண்ணில் படாது. வயர் கசிகிறதா என்று அறிய, இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கையால் எதையும் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று வயர்களின் மேல் மெல்லிய நீர்த்தூவல் அடியுங்கள். பழுதான வயரின் மேல் நீலப் பொறி ஊர்வது தெரியும்.

பொறி சரியாக இருந்தும் அந்த சிலிண்டர் எரியவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டியதுதான். அளவு குறைவாக இருந்து, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருசேரக் குறைந்திருந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். டேப்பட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி, தளர்ந்திருந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகியிருந்தால் சத்தமே இல்லாமல் வால்வை எரித்துவிடும். எல்பிஜிக்கு மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மூன்று சிலிண்டரும் மாறி மாறித் தடுமாறினால் பொதுவான பாகங்களான காயில், அதன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைப் பாருங்கள். ஐடிலில் மட்டும் தடுமாறினால் வெடித்த வேக்குவம் ஹோஸோ அடைபட்ட ஐடில் ஜெட்டோ காரணமாக இருக்கலாம். மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் பிளக் இடைவெளியை அளந்து பாருங்கள்: சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, அகன்ற இடைவெளியைத் தாண்டுவதற்குப் பலவீனமான பொறியால் முடியாது.

பழுது நீங்கியதாகத் தோன்றியதும், எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். திரும்பி வந்து, எஞ்சின் ஆறிய பிறகு மூன்று பிளக்குகளையும் கழற்றிப் பக்கம் பக்கமாக வையுங்கள். முனைகள் ஒரே நிறத்தில் இருந்தால் பானெட்டை மூடிவிடலாம்.