ரோடு பைக் டயரின் அகலம் (மி.மீ.): 23ஆ, 28ஆ, 32ஆ?

[காட்சி: தரையில் வெள்ளைத் தாள். பின் டயரில் ஸ்டாம்ப் மை தடவியிருக்கிறது. ஒருவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, இறங்குகிறார். தாளை எடுத்து கேமரா முன் காட்டுகிறார்.]

இந்தக் கறுப்புத் தடத்தைப் பாருங்கள். அகலம் கட்டைவிரல் அளவுகூட இல்லை, நீளம் சுண்டுவிரல் அளவு. ஓடும் சைக்கிளில் ஒரு டயர் சாலையைத் தொடுவது இவ்வளவு இடத்தில்தான். பிரேக் பிடிப்பதும், வளைவில் சாய்வதும், நீங்கள் மிதிக்கும் பலம் ரோட்டுக்குப் போய்ச் சேருவதும் இப்படி இரண்டே தடங்களை நம்பித்தான் நடக்கிறது.

இதன் பரப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். அதில் பின் சக்கரத்தில் இறங்குவது சுமார் 45 கிலோ, பவுண்டில் சொன்னால் 100. டயரில் 100 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒவ்வொரு சதுர அங்குலமும் 100 பவுண்டு தாங்கும். அப்படியானால் தடம் ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம். காற்றை 70 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் தடம் 1.4 சதுர அங்குலமாகும்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? பரப்பை முடிவு செய்வது எடையும் காற்றும். அகலம் மாற்றுவது தடத்தின் வடிவத்தை மட்டும்.

[காட்சி: இரண்டு தாள்கள் அருகருகே. ஒன்றில் 23 மி.மீ. டயரின் தடம், மற்றதில் 32. இரண்டிலும் ஒரே காற்று.]

ஒல்லி டயரின் தடம் நீளமாக, மெலிதாக இருக்கிறது. அகல டயரின் தடம் குட்டையாக, பருமனாக இருக்கிறது. தடம் நீண்டால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர வேண்டும். ரப்பர் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் உங்கள் உழைப்பில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். டயர் உருள்வதில் ஏற்படும் இழப்பில் பெரும்பங்கு இதுதான். ஆகவே ஒரே காற்றில், ஒரே தரத்தில், அகல டயர்தான் லேசாக உருளும். ஒல்லி டயர்தான் வேகம் என்று கடைக்காரர் முதல் நண்பர்கள் வரை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரப்பர் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சரி, அப்படியென்றால் பந்தய வீரர்கள் ஏன் அத்தனை வருடம் 23 மி.மீ. டயரில் 110, 120 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஓடினார்கள்? ஒரு காரணம், சோதனைக்கூடம். டயரை வழவழப்பான இரும்பு உருளை மேல் ஓடவிட்டு அளப்பார்கள். அந்த உருளையில் காற்று ஏற ஏற இழப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் எந்த ரோடும் அந்த உருளை போல இல்லையே! தார் ரோட்டில் ஒவ்வொரு ஜல்லியும் ஒரு சின்ன மேடு. டயர் கல்லாக இருந்தால் அந்த மேட்டை விழுங்காது. வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்த அதிர்வை உங்கள் கையும் தோளும் இடுப்பும் வாங்கிக்கொள்கின்றன. அதுவும் நீங்கள் மிதித்துச் சேர்த்த சக்திதான், முன்னால் போகாமல் உடம்பிலேயே கரைகிறது. ஒரு அளவைத் தாண்டிக் காற்றடித்தால் வண்டி மெதுவாவது இதனால்தான். கொடுமை என்னவென்றால், கைப்பிடி விர்ரென்று அதிர்வதால் வேகமாகப் போகிற மாதிரிதான் தோன்றும்.

இது புரிந்த பிறகு பந்தய உலகமே மாறிவிட்டது. 2010களில் 23 போய் 25 வந்தது, இப்போது தூர் த பிரான்ஸ் வண்டிகளில் 28 சாதாரணம். கருங்கல் பாவிய சாலைகள் மட்டுமே 50 கிலோமீட்டருக்கு மேல் வரும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 30, 32, அதற்கு மேலும் போடுகிறார்கள்.

காற்றைக் கிழிப்பதில் அகல டயருக்கு நஷ்டம் இல்லையா என்றால், உண்டு. ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று ஒழுங்காக வழுக்கிப் போகும் என்று சக்கரம் செய்பவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் தனியாக ஓடுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்படலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 25, 28 வேகத்தில் மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு அது வேண்டாத கவலை.

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை, அதிகாலை. சர்வீஸ் ரோடு. வேகத்தடைக்கு முன்னால் வரிவரியாகப் போட்ட வெள்ளைப் பட்டைகள்.]

நம் ஊர் ரோட்டுக்கு வருவோம். ஈசிஆர் போல நல்ல சாலையிலும் பாலத்தின் இணைப்பு, வேகத்தடை, வெள்ளைப் பட்டை, ரோட்டில் பதித்த பிரதிபலிப்பான் என்று வந்துகொண்டே இருக்கும். வீட்டிலிருந்து அந்தச் சாலைக்குப் போய்ச் சேரும் தெருவில் கேபிளுக்குத் தோண்டி மூடிய பள்ளம் இருக்கும். அதனால் என் தீர்ப்பு இதுதான்: புதிதாக டயர் வாங்குகிறவர் 28இல் தொடங்கட்டும். வண்டியில் 32 நுழையுமானால் 32. 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓடுகிறவருக்கு 13 மணி 30 நிமிடம் நேரம் கொடுக்கிறார்கள். அவ்வளவு நேரம் சேணத்தில் உட்கார்ந்தால், உள்ளங்கை மரத்துப் போகாமல் இருப்பதும் வேகத்தில்தான் சேரும்.

ஆனால் நீங்கள் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, வண்டியும் இடம் கொடுக்க வேண்டும்.

[காட்சி: ரிம் பிரேக் வண்டி. டயருக்கும் பிரேக்கின் வளைவுக்கும் நடுவே ஒரு ஆலன் கீ நுழைகிறது.]

பழைய ரிம் பிரேக் வண்டிகளில் பிரேக்கின் வளைவு டயருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். பலவற்றில் 25தான் எல்லை, சிலவற்றில் 28 போகும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் அந்தத் தடை இல்லை. இப்போது வரும் பெரும்பாலானவற்றில் 32 நுழைகிறது. சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 4 மி.மீ. ஆலன் கீயை எடுத்து, டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, டயருக்கும் பின்பக்கக் குழாய்களுக்கும் நடுவே, பிரேக்குக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் நுழைத்துச் சுற்றுங்கள். எங்கேயும் உரசாமல் போனால் சரி. மயிரிழை இடைவெளியில் ஓடக் கூடாதா என்று கேட்பார்கள். ஒரு ஸ்போக் தளர்ந்து ரிம் கொஞ்சம் கோணினாலே டயர் ஃபிரேமைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். ஈர ரோட்டில் டயரோடு ஒட்டி வரும் கல்லும் அங்கேதான் சிக்கும்.

இன்னொன்று. டயரில் 25 என்று எழுதியிருந்தால் அது 25ஆகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

[காட்சி: வெர்னியர் காலிப்பர் டயரைக் கவ்வுகிறது. திரையில் 26.8.]

ரிம்மின் உள் அகலத்தைப் பொறுத்து டயர் விரியும். முன்பெல்லாம் உள் அகலம் 15 மி.மீ. இருந்தது. இப்போது 19, 21 சகஜம். அதே 25 டயரை 19 மி.மீ. ரிம்மில் மாட்டினால் ஒன்றரை, இரண்டு மி.மீ. கூடக் காட்டலாம். ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போது இப்படி அளந்த அகலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கச்சுவரில் 28-622 என்று ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். நாம் 700சி என்று சொல்வது இந்த 622தான். பழைய 27 இஞ்ச் ரிம்முக்கு இந்த எண் 630. பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் இதன் டயர் அதற்குச் சேராது. 8 மி.மீ. வித்தியாசத்தை எந்த டயர் லீவராலும் சமாளிக்க முடியாது. கடையில் டயர் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது.

புது கார்பன் வீல்களில் ஹுக்லெஸ் என்று ஒரு வகை வருகிறது. டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அந்த ரிம்மில் இருக்காது. அதில் 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கவே கூடாது. அதற்கென்று செய்த டியூப்லெஸ் டயர்தான் போட வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி ஹென்ட் விழுந்தபோது அவருடைய டயர் ஹுக்லெஸ் ரிம்மை விட்டுக் கழன்று கிடந்தது. உள் அகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் குறைந்தது 29 மி.மீ. டயராவது வேண்டும் என்ற விதியை அப்புறம்தான் எல்லாரும் உற்றுப் படித்தார்கள். உங்களிடம் அப்படி ஒரு வீல் இருந்தால், அதைச் செய்தவர்கள் கொடுத்த டயர் பட்டியலைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

[காட்சி: அழுத்தமானி உள்ள தரை பம்ப். முள் 70இல் நிற்கிறது.]

இப்போது காற்று. அகல டயரை வாங்கிவிட்டு அதில் பழையபடி 110 அடித்தால் காசு வீண். பக்கச்சுவரில் போட்டிருப்பது அதிகபட்ச அளவு, அவ்வளவு அடியுங்கள் என்று அர்த்தம் இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் 25 டயரில் 80 முதல் 85, 28இல் 65 முதல் 75, 32இல் 50 முதல் 60 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். முன் டயரில் எடை குறைவு என்பதால் அதில் 5 குறைத்து அடிக்கலாம். எடை 10 கிலோ கூடினால் 5 முதல் 8 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்றாக இறக்கிப் பார்த்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். எல்லை எதுவென்று டயரே சொல்லிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் இடித்து, டியூபில் பாம்பு கொத்தியது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்தால் காற்று குறைவு.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் வித்தை இங்கே பலிக்காது. 60க்கும் 90க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ரோடு பைக்கில் இருப்பது பிரெஸ்டா வால்வு, பஞ்சர் கடைக் குழாய் அதில் நேராக உட்காராது. அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள், விலை சொற்பம்தான். வீட்டில் மானி உள்ள பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த டயரைவிட முதலில் வாங்க வேண்டியது அது.

இனி டயர் வகை. மேலே செதுக்கிய கோலத்தைப் பார்த்து டயர் வாங்காதீர்கள். மழையில் வழுக்காமல் இருக்கத்தான் அந்தக் கோடுகள் என்பார்கள். காருக்கு அது சரி. தண்ணீர் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. விமான டயர்களுக்காக நாசா கண்டுபிடித்த கணக்குப்படி 64 பிஎஸ்ஐயில் அது மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். ஏற்காட்டு இறக்கத்தில்கூட அந்த வேகம் யாருக்கும் வராது. வழவழ டயர்தான் தார் ரோட்டை நன்றாகக் கவ்வும். ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பர் கலவையும் குறைந்த காற்றும்.

பணத்தைப் போட வேண்டிய இடம் உள்ளே இருக்கும் நூல் உறை.

[காட்சி: இரண்டு டயர்கள், ரிம் இல்லாமல் கையில். ஒன்று துணி போல் மடங்குகிறது. மற்றது விறைப்பாக நிற்கிறது.]

மெல்லிய நூலால் நெய்த உறை சுலபமாக மடங்கும், சக்தியைக் குறைவாகத் தின்னும். பெட்டியில் டிபிஐ என்று போட்டிருப்பது ஒரு அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 110 நூல் உள்ள மூன்று அடுக்கைக் கூட்டி 330 என்று போடுவார்கள். கான்டினென்டல் ஜிபி 5000 அப்படித்தான். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு கம்பெனி டயர்களை ஒப்பிடாதீர்கள்.

மெல்லிய டயருக்குப் பகை நம் ரோட்டோரம். நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய இரும்புக் கம்பி, ஊருக்குள் கண்ணாடிச் சில்லு, கிராமத்துச் சாலையில் சீமைக் கருவேல முள். இதைத் தடுக்க ரப்பருக்கு அடியில் ஒரு பாதுகாப்புப் பட்டை வைக்கிறார்கள். பட்டை தடிக்கத் தடிக்க பஞ்சர் குறையும், டயர் கனக்கும், மந்தமாக உருளும். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் ஷ்வால்பே மாரத்தான் போன்ற முரட்டு டயரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர் அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை. நடுத்தரமாகப் பட்டை வைத்த 28 போதும், கூடவே ஒரு மாற்று டியூப்.

டியூப்லெஸ் வேண்டுமா என்பது எப்போதும் வரும் கேள்வி. உள்ளே ஊற்றும் சீலன்ட் சின்ன ஓட்டைகளை ஓட்டத்திலேயே அடைத்துவிடும். முள் ஊர்க்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் காற்று அதிகமானால் சீலன்ட் அடைப்பதற்குள் பீய்ச்சி வெளியேறிவிடும், அதனால் குறைந்த காற்றில் ஓடும் 28 மி.மீ.க்கு மேற்பட்ட டயரில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். நம் வெயிலில் சீக்கிரம் உலரும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் மூலையில் நிறுத்துகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒட்டி மாட்டும் டியூபுலர் டயர் பந்தயக்காரர்களிடமே அருகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

எடை குறைந்த டிபியு (ஒருவகைப் பிளாஸ்டிக்) டியூப் இப்போது கிடைக்கிறது. வழக்கமான டியூப் 100 கிராம் என்றால் இது 40க்கும் கீழே. வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள். சிலவற்றில் ரிம் பிரேக் வண்டிக்கு வேண்டாம் என்று போட்டிருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

[காட்சி: டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வருகிறது.]

மாட்டும்போது டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரட்டும். பஞ்சரானால் டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தில் கம்பியைத் தேடலாம். அதைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போய்விடும்.

பின் டயர் முன் டயரைவிட வேகமாகத் தேயும். அது தேய்ந்ததும் புதியதைப் பின்னால் போடாதீர்கள். முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் கீழேதான். சில டயர்களில் ரப்பர் மேல் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும். அவை மறைந்துவிட்டால் மாற்றும் நேரம். குழி இல்லாத டயரில் நடுப்பகுதி தட்டையாகிவிட்டதா, உள்நூல் எங்கேயாவது தெரிகிறதா என்று கழுவும்போது ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.