முதல் வியாழக்கிழமைக் கச்சேரி

நேயர்களுக்கு வணக்கம்.

அரபு நாட்டுப் பெண்கள் என்றதும் நமக்கு வரும் செய்திகளில் போரும் அகதி முகாமும்தான் முன்னே நிற்கின்றன. அந்தத் துயரம் மெய்தான். ஆனால் அந்தப் பெண்கள் படைத்தவற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லையே என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். வானொலியில் பேசுவதால், வானொலியை ஆண்ட ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பாடகி உம் குல்தூம். எகிப்தில் நைல் நதிக் கழிமுகத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தந்தை பள்ளிவாசல் இமாம். வருமானம் போதாமல் கல்யாண வீடுகளில் பக்திப் பாடல்கள் பாடுவார். மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டையெல்லாம் மகள் கேட்டே பிடித்துக்கொண்டாள். பெண்பிள்ளையைச் சபையில் நிறுத்தத் தயங்கிய தந்தை, ஆண்பிள்ளை உடுப்பு போட்டுக் கூட்டிப்போனார். குர்ஆன் ஓதிப் பழகிய வாய் என்பதால், எத்தனை வேகத்திலும் அவர் பாட்டில் ஓர் எழுத்துகூடச் சிதைவதில்லை.

1934-இல் கெய்ரோவில் அரசு வானொலி தொடங்கியதும் அவர் குரல் அதில் ஒலித்தது. பிறகு மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் கச்சேரி நேரடி ஒலிபரப்பானது. பல பத்தாண்டுகள் அது நீடித்தது. மறுநாள் வெள்ளி, விடுமுறை. எகிப்தைத் தாண்டி மற்ற அரபு நாடுகளிலும் வீடுகளிலும் காபிக்கடைகளிலும் ஜனங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நம் கச்சேரியில் நிரவல் செய்கிறோமே, அதுபோல ஒரு வரியை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவார். ஒரு தடவை கெஞ்சலாக, ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை வெறும் மூச்சாக. சபையில் யாராவது "அல்லாஹ்!" என்று உருகிக் கத்தினால், அதே வரி மறுபடி வேறு சாயலில் வரும். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. 1964-இல் அவர் பாடிய 'இந்த்த உம்ரி' கிடைத்தால் கேளுங்கள். வெகுநேரம் வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கும். பாட்டைக் காணோமே என்று நிறுத்திவிடாதீர்கள், அந்தக் காத்திருப்பும் கச்சேரியில் சேர்ந்ததுதான்.

சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அவரே பேசி முடிப்பார். இசைக்கலைஞர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1967-இல் இஸ்ரேலுடன் நடந்த போரில் எகிப்து தோற்ற பிறகு, பாரிஸ் உட்படப் பல ஊர்களில் பாடி, திரட்டிய பணத்தை நாட்டுக்குக் கொடுத்தார். 1975-இல் அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தில் கூட்டம் சவப்பெட்டியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு தான் விரும்பிய வழியில் சுமந்துபோனது.

அதே எகிப்தில், 1917-இல் பிறந்தவர் சமீரா மூசா. அணு இயற்பியல் படித்தவர். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கதிரியக்க மருத்துவம் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கனவு. ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போனவர், 1952-இல் அங்கே கார் விபத்தில் இறந்தார். வயது 35. இன்னும் முப்பது ஆண்டு அந்த மூளைக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மூன்றாமவர் ஸஹா ஹதீத். 1950-இல் பாக்தாத்தில் பிறந்து, பெய்ரூத்தில் கணிதம் படித்து, லண்டனில் கட்டடக்கலைஞர் ஆனவர். ஓவியம் போலத் தீட்டிய அவருடைய திட்டங்களைப் பார்த்து "இதையெல்லாம் கட்டவே முடியாது" என்றார்கள். ஆனால் 1993-இல் ஜெர்மனியில் அவர் வரைந்த ஒரு தீயணைப்பு நிலையம் எழுந்தது. முனை கூர்ந்த கான்கிரீட் பலகைகள், எந்த நொடியும் பாயப்போவது போல. 2004-இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். அந்த 'முதல் பெண்' பட்டத்தோடு நாம் நின்றுவிடுவதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. அஜர்பைஜானின் தலைநகரான பாகுவில் அவர் எழுப்பிய கலாசார மையத்தைப் படத்திலாவது பாருங்கள். தரையே சுருண்டெழுந்து சுவராகி, சுவரே வளைந்து கூரையாகிறது. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

2016-இல் அவர் மறைந்தார். பிறந்த ஊருக்காக அவர் வரைந்த ஈராக் மத்திய வங்கிக் கோபுரம், அதன் பிறகு பாக்தாத்தில் டைகிரிஸ் நதிக்கரையில் எழுந்தது.