ஏர் பியூரிஃபையர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் இந்த ஓர் எண்ணைத் தேடுங்கள்!

வணக்கம் நண்பர்களே! முதலில் ஒரு கேள்வி. ஏர் பியூரிஃபையரின் வடிகட்டியைத் தாண்டித் தப்பிக்கும் வாய்ப்பு எந்தத் தூசிக்கு அதிகம்? இருப்பதிலேயே பொடியான தூசிக்கு என்று நினைத்தால், விடை தவறு! ஏன் என்று இன்று பார்த்துவிடுவோம். கூடவே, வீட்டில் ஆஸ்துமா, வீசிங், அலர்ஜி என்று அவதிப்படுபவர்கள் இருந்தால் எந்தக் கருவி உண்மையாகவே உதவும் என்பதையும் சொல்கிறேன்.

பின்னணி ஒரே வரியில்: 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள்தான் பி.எம். 2.5, மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம் வரை இறங்குபவை இவையே.

இவற்றைப் பிடிப்பதுதான் ஹெப்பா (HEPA) வடிகட்டி. 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்கள் காற்றில் பரவாமல் தடுக்கப் பயன்பட்ட வடிகட்டியின் வாரிசு இது. படுக்கையறைக்கு எங்கிருந்து வந்திருக்கிறது பாருங்கள்!

[திரையில்: 0.3 மைக்ரான், 99.97%]

பெட்டியில் இந்த இரண்டு எண்களையும் பார்த்திருப்பீர்கள். 0.3 மைக்ரானுக்கு என்ன தனிச் சிறப்பு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. ஹெப்பா சல்லடை இல்லை. தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் மெல்லிய இழைகளின் அடர்ந்த படலம். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலையில் பெரிய மூட்டையோடு வேகமாக வருபவர் சட்டென்று வளைய முடியாமல் எதிலாவது மோதி நின்றுவிடுவார். பெரிய தூசி அப்படித்தான் இழையில் மோதுகிறது. அம்மாவின் கையை விட்ட சின்னக் குழந்தையோ கூட்டத்தில் இடிபட்டு, அங்கும் இங்கும் தள்ளாடி, ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்கிவிடும். மிகச் சிறிய துகளும் காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டு, அலைந்து திரிந்து, ஓர் இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில், கூட்டத்தோடு கூட்டமாக வளைந்து நெளிந்து தெருவைக் கடந்துவிடுபவர்தான் 0.3 மைக்ரான்!

ஆக, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவிலேயே 99.97 சதவீதம் பிடிபடுகிறது. அதைவிடச் சிறியவையும் பெரியவையும் இன்னும் நன்றாகவே பிடிபடும். "எங்கள் கருவி 0.1 மைக்ரானையும் பிடிக்கும்" என்று தனிப் பெருமையாகச் சொன்னால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வடிகட்டி நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? அறைக் காற்று அதன் வழியாகப் போக வேண்டுமே! அதைச் சொல்வதுதான் நான் தேடச் சொன்ன எண்: சி.ஏ.டி.ஆர். (CADR). மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைக் கருவி தருகிறது என்ற அளவு. கணக்கு எளிது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 7ஆல் வகுங்கள். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 1200. வகுத்தால் ஏறத்தாழ 170. இந்த அளவு இருந்தால் அறைக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாகும்.

ஆனால் பெட்டியில் உள்ள எண் கருவி முழு வேகத்தில் ஓடும்போது அளந்தது. அந்த இரைச்சலில் யார் தூங்குவது? இரவில் வேகத்தைக் குறைப்போம். சுத்தமாகும் காற்றும் குறைந்துவிடும். அதனால் என் அழுத்தமான கருத்து: கணக்கில் வரும் எண்ணைப் போல இரண்டு மடங்கு உள்ள கருவியை வாங்கி, மெதுவாக ஓட விடுங்கள். 170 வந்தால் 340. செயலி, வண்ண விளக்கு, வைஃபை எதற்கும் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தை மாற்று வடிகட்டிக்கு எடுத்து வையுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவக் கூடாது, கழுவினால் இழைகள் கெட்டுவிடும்.

ஓசோன் உமிழும் கருவி வேண்டவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஏசி ஓடுகிறதே, போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஏசியில் உள்ள சாதாரண வலை இந்த நுண்துகள்களைப் பிடிக்காது.

இன்னொன்று, இதை மனம் பதைத்தே சொல்கிறேன். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவுக்கு பி.எம். 2.5 வெளியாகிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீசிங் இருக்கும் குழந்தையின் கட்டிலடியில் அதை ஏற்றிவைத்துவிட்டு, பக்கத்தில் பியூரிஃபையரை ஓட விட்டு என்ன பயன்? கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தூசிப்பூச்சி அலர்ஜிக்கும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பூச்சியின் எச்சம் கனமானது, மிதக்காமல் தலையணையிலும் மெத்தையிலும் படிந்துவிடும். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மருத்துவர் தந்த இன்ஹேலரை, கருவி வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் படுக்கையறையின் நீளம், அகலம், உயரத்தைக் கீழே கமென்டில் எழுதுங்கள். எந்த எண் கொண்ட கருவி பொருந்தும் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறேன்.